காது மெஷின் போட்டும் சரிவரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

என் அம்மா காது மெஷின் போட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் போட ஆரம்பித்து மூன்று வருஷம். இதற்கிடையில் உறவிலும் நட்பிலும் பலருக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். "இது சரிப்படவில்லை" என்று டிராயரில் போட்டு வைத்த மெஷினை எடுத்து, எங்கே சிக்கல் என்று பார்த்துக் கொடுப்பதுதான் அந்த வேலை.

அதில் ஒன்று நன்றாகப் புரிந்தது. பழகாததால் வருகிற தொல்லை வேறு, கோளாறால் வருகிற தொல்லை வேறு. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதை ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சொந்தக் குரல் எதிரொலிக்கிறது என்று மூன்றாம் நாளே மெஷினைக் கழற்றிவிடுகிறார்கள். காது புண்ணாகி வலிப்பதையோ "போகப் போகப் பழகிவிடும்" என்று ஒரு மாதம் தாங்குகிறார்கள். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று பிரித்தே சொல்கிறேன். காரணங்களைச் சுலபமானதில் தொடங்கிச் செலவு வைக்கிறது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் இதைப் பாருங்கள்: மெஷினை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவை

- ஒரு காதில் திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ, கேட்கும் திறன் விழுந்துவிட்டது. மெஷின் நன்றாக வேலை செய்கிறது, காதுதான் கேட்கவில்லை என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.
- காதிலிருந்து சீழ், நீர் அல்லது ரத்தம் வருகிறது.
- கேட்கும் திறன் குறைந்ததோடு தலைசுற்றலும் சேர்ந்து வந்திருக்கிறது.
- மெஷினைக் கழற்றியபோது நுனியில் இருக்கும் ரப்பர் தொப்பி, அதாவது டோம், கூட வரவில்லை. அது காதுக்குள் இருக்கிறது. கொண்டை ஊசி, சாமணம் எதையும் உள்ளே விடாதீர்கள். நாமாக எடுக்கப் போனால் இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடுவோம்.
- குழந்தையோ பெரியவரோ பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டார். இது நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

## 1. மெஷினில் உயிரே இல்லை

மெஷினைக் கழற்றி, ஓடுகிற நிலையிலேயே உள்ளங்கையில் வைத்துக் கையைக் குவித்து மூடுங்கள். கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் மெஷின் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. அடைப்பைத் தேட வேண்டும், 2-ஆம் அறிகுறிக்குப் போங்கள். சத்தமே வரவில்லை என்றால்:

பேட்டரி மாற்றும் வகை: கதவு முழுக்க மூடியிருக்கிறதா, பேட்டரி தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான, துளைகள் உள்ள பக்கம்தான் பிளஸ். பிறகு புது பேட்டரி போட்டுப் பாருங்கள். இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. இந்த பேட்டரிகள் காற்றை வாங்கி வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்தவுடன் உள்ளே போட்டு மூடிவிட்டால் காற்று போதாமல் சக்தி சரியாக வராது. உரித்து இரண்டு மூன்று நிமிஷம் மேஜையில் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது.

அளவும் சரியாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரின் நிறத்தை நினைவில் வைத்தால் போதும்: 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம்.

சார்ஜ் ஏறும் வகை: சார்ஜர் டப்பாவில் வைத்ததும் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மெஷின் குழியில் சரியாக உட்காரவில்லை, அல்லது தொடும் முனைகளில் அழுக்கு இருக்கிறது. உலர்ந்த துணியால் இரண்டையும் துடையுங்கள். அடுத்து வயரையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு மெஷினுமே ஒரே நாளில் செத்துவிட்டால் மெஷின்மேல் சந்தேகப்படாதீர்கள், சார்ஜர்தான்.

இவ்வளவும் பார்த்தும் உயிர் வரவில்லை என்றால் ஈரம் புகுந்திருக்கலாம். கதவைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். ஹேர் டிரையர், அடுப்பு, வெயில் எதுவும் வேண்டாம், சூடு பட்டால் மெஷின் கெட்டுவிடும். காலையிலும் அப்படியே இருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## 2. வேலை செய்கிறது, ஆனால் சத்தம் மங்கல்

நான் பார்த்த மெஷின்களில் அடிக்கடி வந்த கோளாறு இதுதான். புதுசாகப் போடுபவர்கள் இதைத் தங்கள் காது இன்னும் மோசமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு மனசு உடைந்துபோகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். காதுக்குள் போகும் நுனியில் டோமைக் கழற்றினால் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை வலை தெரியும். அதுதான் வாக்ஸ் கார்டு, குரும்பியைத் தடுக்கும் வடிகட்டி. அது பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு தடவை அம்மா "ரெண்டு வாரமா எல்லாரும் முணுமுணுன்னு பேசறீங்க" என்றார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வலை மேல் தேன் நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம். நடுவில் ஊசிமுனை அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம் இருந்தது. அந்த வழியாகத்தான் இரண்டு வாரமாக எங்கள் பேச்சு அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மாற்றுவது சுலபம். மெஷினோடு வரும் சின்னக் குச்சியின் ஒரு முனை காலியாக இருக்கும், மறு முனையில் புது வடிகட்டி இருக்கும். காலி முனையை அழுத்திப் பழையதை இழுங்கள். குச்சியைத் திருப்பிப் புதியதை அழுத்துங்கள். ஊசியால் குத்தி அடைப்பை எடுக்க முயல வேண்டாம். உள்ளே இருக்கும் ரிசீவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், ஓட்டையானால் செலவு பெரிது.

மோல்டு வகை என்றால் காதின் அச்சில் செய்த மோல்டையும் டியூபையும் பாருங்கள். மெஷினிலிருந்து பிரித்து, மோல்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். பிறகு டியூபுக்குள் காற்றடித்துத் துளி ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும். டியூபுக்குள் ஒரே ஒரு நீர்த்துளி இருந்தாலும் சத்தம் நின்றுபோகும். இந்த முறை மோல்டுக்கு மட்டும்தான். மெஷினில் தண்ணீரும் ஸ்பிரிட்டும் படவே கூடாது.

மைக் துளைகள்: மெஷினின் மேல்பக்கம் இருக்கும் இரண்டு சின்னத் துளைகள்தான் மைக். துளை தரையைப் பார்க்கும்படி பிடித்து, சின்ன பிரஷால் தட்டிவிடுங்கள். அப்போதுதான் தூசி கீழே விழும். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் தூசியை உள்ளேதான் அனுப்புகிறோம். நுனியில் ஒட்டிய குரும்பியைத் துடைக்கக் காலை நேரம் நல்லது. ராத்திரியில் காய்ந்திருப்பதால் உதிர்ந்துவிடும்.

காதிலேயே அடைப்பா? மெஷினைத் துடைத்து, வடிகட்டியும் மாற்றி, இன்னும் மங்கல் என்றால் குரும்பி காதுக்குள் கட்டியிருக்கலாம். மெஷின் போட ஆரம்பித்த பிறகு இது அதிகமாகும். குரும்பி தானாக வெளியே வரும் வழியை மெஷின் மறித்துக்கொண்டிருக்கிறது அல்லவா. பட்ஸ் போட்டால் உள்ளேதான் தள்ளும். மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் சொட்டு மருந்தும் விட வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தால், காதைத் திரும்பப் பரிசோதிக்கும் நேரம். காதைப் பரிசோதித்து மெஷினை அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

## 3. கீச்சென்று விசில் அடிக்கிறது

காதுக்குள் போன சத்தம் கசிந்து வெளியே வந்து மைக்கில் திரும்ப நுழைகிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எப்போது வருகிறது? கட்டிப்பிடிக்கும்போது, தொப்பி போடும்போது, தலையணையில் சாயும்போது மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள், அது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, மென்று சாப்பிடும்போது, தலையைத் திருப்பும்போது வந்தால்:

- சரியாக உட்காரவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து ஒல்லி வயர் காதுக்குள் போகும் வகையில் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். வயர் தோலோடு படிந்து போக வேண்டும். வளைந்து வெளியே துருத்தினால் டோம் முழுக்க உள்ளே போகவில்லை. மோல்டு வகையில், மேல் மடிப்புக்குள் நுழைய வேண்டிய முனை வெளியிலேயே நிற்கும். புதிதாகப் போடுபவர்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான். மறு கையால் காதை மேலே, பின்னால் இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து போடுங்கள். வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.
- இடம் வலம் மாறிவிட்டது. சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலக் குறி இடது காதுக்கு.
- குரும்பி. சத்தம் சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வந்துவிடும்.
- டியூப் விரிசல் அல்லது மோல்டு தளர்வு. மெஷினை ஓடவிட்டு, மோல்டின் சத்தம் வரும் ஓட்டையை விரலால் இறுக்க மூடுங்கள். காற்றுக்காக இன்னொரு துளை இருந்தால் அதையும் சேர்த்து மூட வேண்டும். விசில் நின்றால் மோல்டு காதோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். நிற்கவில்லை என்றால் டியூபைக் கழற்றிவிட்டு மெஷினின் கொக்கி நுனியை மூடிப் பாருங்கள். இப்போது நின்றால் கோளாறு டியூபில். இப்போதும் நிற்கவில்லை என்றால் மெஷினுக்குள்.

டியூப் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துப்போகும். மாற்றுவது சின்ன வேலை, செலவும் குறைவு. மோல்டு தளர்ந்துவிட்டது என்றால் புது அச்சு எடுக்க வேண்டும். உடம்பு இளைத்தால் காதும் இளைக்கும், பழைய மோல்டு ஆடும். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்.

விசிலைத் தாங்கமுடியாமல் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது தீர்வே இல்லை. விசில் நிற்கும், கூடவே பேச்சும் போய்விடும்.

## 4. என் குரல் பானைக்குள் பேசுவது போல இருக்கிறது

முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லாரும் சொல்வது. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. பேச வாயைத் திறந்தால் யாரோ என் மண்டைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான்கு நாள் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. பேசப் பேசத்தான் இது போகும்.

ஆனால் காத்திருப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. மெஷின் காதில் இருக்கட்டும். ஓடும்போது "ஈஈஈ" என்று நீட்டிச் சொல்லுங்கள். பிறகு மெஷினை அணைத்துவிட்டு, காதிலிருந்து எடுக்காமல், அதே "ஈஈஈ".

அணைத்தாலும் முழங்குகிறது: காது அடைபட்டிருப்பதுதான் காரணம். காதில் விரலை வைத்துப் பேசினால் எப்படிக் கேட்கும், அது மாதிரி. லேசாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மனசு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். பலமாக இருந்தால் ஓட்டையுள்ள டோம், அல்லது மோல்டில் கொஞ்சம் பெரிய காற்றுத் துளை கேளுங்கள்.

அணைத்தால் போய்விடுகிறது: அடைப்பால் வருவது இல்லை, மெஷின் கீழ்ச் சுருதிச் சத்தத்தை அதிகமாகக் கூட்டுகிறது. இது கம்ப்யூட்டரில் சில நிமிஷ வேலை. "அணைத்தால் போகிறது" என்று இதே வார்த்தையில் ஆடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்று தெரிந்திருப்பது நல்லது. 3-ஆம் அறிகுறிக்கும் இதற்கும் இழுபறி உண்டு. விசிலை நிறுத்தக் காதை இறுக்க அடைத்தால் குரல் முழங்கும். முழக்கத்தைக் குறைக்கத் திறந்துவிட்டால் விசில் வரலாம். காது அதிகம் கேட்காதவர்களுக்கு முழுத் திறப்பு சாத்தியமில்லை. அவர்கள் கொஞ்சம் முழக்கத்தோடு வாழப் பழகத்தான் வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும்.

பழகுவதற்கு நான் செய்தது: தினமும் பத்து நிமிஷம், மெஷினோடு, செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன். இரண்டாம் வார முடிவில் ஒரு நாள் படித்து முடித்த பிறகுதான், அன்று என் குரலை நான் கவனிக்கவே இல்லை என்று உறைத்தது.

## 5. எல்லாமே இரைச்சல், சாயங்காலத்துக்குள் தலைவலி

புதுசாகக் கேட்கும் சத்தமா, வலிக்கும் சத்தமா? இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம் சரசரப்பது, குழாயில் தண்ணீர் கொட்டுவது, மின்விசிறி, கடிகாரம், தன் காலடி. இவையெல்லாம் பெரிதாகக் கேட்டால் அது கோளாறு இல்லை. பல வருஷமாகக் கேட்காமல் போனவை ஒரே நாளில் திரும்பி வந்திருக்கின்றன. எதை ஒதுக்கலாம், எதைக் கவனிக்கலாம் என்று மூளை மறுபடி பிரித்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும்.

முதல் நாளே தொல்லை இல்லை என்றால் முழுநாளும் போடுங்கள். முடியவில்லை என்றால் இப்படிக் கூட்டிக்கொண்டு போகலாம். முதல் சில நாள் வீட்டிலேயே, அமைதியான நேரத்தில் மூன்று நான்கு மணி நேரம். அடுத்து டிவி, இரண்டு பேரோடு பேச்சு. மூன்றாம் வார முடிவுக்குள் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை. தெருவுக்கும் கூட்டத்துக்கும் கடைசியில் போங்கள். முதல் நாளே கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போய், அன்றோடு வெறுத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஆனால் பாத்திரம் விழும்போது, கதவு அறையும்போது, குழந்தை வீறிடும்போது முகம் சுளித்துக் கை தானாக மெஷினுக்குப் போகிறது என்றால், அது பழக்கத்தில் போகாது. எவ்வளவு பலமான சத்தம் வரை விடலாம் என்ற உச்ச அளவைக் குறைத்து வைக்க வேண்டும். எந்தச் சத்தம், எந்தக் காது, எத்தனை தடவை என்று ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். "இரைச்சலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மொத்தச் சத்தத்தையும் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பேச்சும் கேட்காது.

வேறு விதமாகவும் நடக்கும். முதலில் வேண்டுமென்றே குறைவாக வைத்து, பழகப் பழகக் கூட்டுவது வழக்கம். அந்தக் கூட்டும் சந்திப்புக்குப் போகாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் மாத அளவிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். மெஷின் வாங்கிய பிறகு எத்தனை தடவை திரும்பப் போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

## 6. சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை

இங்கே காரணம் பல. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. டேனியல் லிங் என்ற காது நிபுணர் வகுத்த ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் கீழ்ச் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். மெஷின் போட்டவர் உட்காரட்டும். நீங்கள் அவருக்குப் பின்னால், உதடு தெரியாதபடி, ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வரிசையை மாற்றுங்கள். ஒரே சீராகச் சொன்னால் ஊகித்துவிடுவார்கள், அதனால் நடுவில் சில நொடி சும்மா இருங்கள். கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஷ், ஸ் இரண்டையும் மூச்சாக மட்டும் சொல்லுங்கள், உயிரெழுத்துச் சேரக் கூடாது.

மெஷின் நன்றாக வேலை செய்யும் ஒரு நாளில் இதைச் செய்து குறித்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது அதோடு ஒப்பிடலாம். அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை செய்கிறேன், இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

ஆறும் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை: மெஷின் பக்கம் பெரிய குறை இல்லை. புதிதாகப் போட்டவர் என்றால் காலம் வேண்டும். பேசுபவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். இன்னோர் அறையிலிருந்து கூப்பிடாமல், முதலில் பெயர் சொல்லி, முகம் பார்த்து, கத்தாமல், சற்று நிதானமாகப் பேச வேண்டும். கத்தினால் வார்த்தை சிதையும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொன்னால் சீக்கிரம் புரியும்.

ஸ், ஷ் மட்டும் போய்விட்டது: வடிகட்டி, குரும்பி, டோம் ஆழம். 2, 3-ஆம் அறிகுறிகளைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மேல் சுருதி அமைப்பு போதவில்லை.

ம், ஊ போய்விட்டது: டோம் தளர்வாக இருக்கலாம், அல்லது கீழ்ச் சுருதி அமைப்பு குறைவாக இருக்கலாம்.

எதுவுமே சரியாகக் கேட்கவில்லை: 1-க்கும் 2-க்கும் திரும்பப் போங்கள்.

அமைப்பில்தான் குறை என்று தோன்றினால், காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, மெஷினோடு சேர்த்து, ஜவ்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு சத்தம் போகிறது என்று அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் காதுக்குழாய் போல இன்னொருவருக்கு இருக்காது. ஆகவே கம்ப்யூட்டர் தானாகப் போடும் அளவு பல பேருக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால், புது மெஷின் வாங்கும் யோசனைக்கு முன்னால் இந்த அளவீட்டைச் செய்தாக வேண்டும். என் சொந்த மெஷினில் முதல் எட்டு மாதம் யாரும் இதைச் செய்யவில்லை. செய்தபோது இடது காதில் மேல் சுருதி வெகு குறைவாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. மெஷின் அதேதான். அமைப்பை மட்டும் மாற்றினார்கள், பேத்தி பேசுவது புரிய ஆரம்பித்தது.

அளந்து, அமைத்து, மாதக்கணக்கில் முழுநாளும் போட்டும், அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால்கூடப் பாதி வார்த்தை பிடிபடவில்லை என்றால், காதால் மெஷினைப் பயன்படுத்திக்கொள்ள முடியாத நிலை இருக்கலாம். அப்போது காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி, தேவையா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதைக் கேட்கத் தயங்கி வருஷங்களைக் கடத்த வேண்டாம்.

## 7. வீட்டில் சரி, கூட்டத்தில் ஒன்றும் புரியவில்லை

எந்த மெஷினும் கூட்டத்தில் பழைய காதைத் திருப்பித் தராது. எதிர்பார்ப்பை இங்கே கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். இடத்தை மாற்றினால் நிறையச் சரியாகும். சத்தம் வரும் பக்கம் உங்கள் முதுகு இருக்கட்டும், பேசுபவர் எதிரில் இருக்கட்டும், அவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். நெருங்கி உட்காருங்கள். தூரம் பாதியானால் பேச்சின் சத்தம் 6 டெசிபல் கூடும். எந்த மெஷின் பட்டனையும்விட அது பெரிய உதவி.

அடுத்து, இரைச்சலுக்கான தனி புரோகிராம் உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் அடுத்தது, பேசுபவர் சட்டையில் மாட்டும் தனி மைக். செலவுதான், ஆனால் வகுப்பு, கூட்டம் என்று போகிறவர்களுக்கு உயர்ந்த விலை மெஷினைவிட இது அதிகம் பயன்படும்.

ஒரு காதுக்கு மட்டும் மெஷின் போட்டு, மற்றக் காதும் குறைவு என்றால் கூட்டத்தில் திணறல் அதிகமாகவே இருக்கும்.

## 8. போனில் கேட்கவில்லை

காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் மைக் மேலே இருக்கிறது. போனைக் காதுத் துளையில் வைக்காமல் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடியுங்கள். விசில் வந்தால் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது இன்னும் சுலபம். புளூடூத் இணைப்பு அறுந்துவிட்டால் மெஷினை அணைத்துப் போடுங்கள், போனிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள்.

## 9. விட்டு விட்டுக் கேட்கிறது, கரகர சத்தம்

ஈரம்தான் முதல் சந்தேகம். வியர்வை அதிகமாகும் நாட்களில் வரும். தினமும் ராத்திரி உலர் டப்பாவில் வைக்கப் பழகுங்கள். சிலிகா ஜெல் மணிகளின் நிறம் மாறினால் டப்பாவில் புது மணி போட வேண்டும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒல்லி வயரை லேசாக அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாம், மெஷினை மாற்ற வேண்டாம்.

## 10. காது வலிக்கிறது, அரிக்கிறது

வலிக்குப் பழக்கம் என்ற பேச்சே கிடையாது. முதல் இரண்டு மூன்று நாள் "ஏதோ இருக்கிறது" என்ற உணர்வு இருக்கும், அது போய்விடும். தொட்டால் வலிக்கிறது, சிவந்திருக்கிறது, தோல் உரிந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் கழற்றுங்கள். எந்த இடம் என்று கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொண்டு, புண் ஆறுவதற்கு முன்பே போய்க் காட்டுங்கள். அந்தத் தடத்தை வைத்துத்தான் மோல்டில் எங்கே தேய்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களே உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டாம், விசிலில் கொண்டுபோய் விடும்.

காதின் மேல் மடலில் வலி என்றால் கண்ணாடியும் மெஷினும் ஒரே இடத்தில் நெருக்குகின்றன. முதலில் கண்ணாடி, பிறகு மெஷின் என்று மாட்டுங்கள். முகக்கவசம் போடுகிறவர்கள் கழற்றும்போது இரண்டு கையாலும் நிதானமாகக் கழற்றுங்கள். அதன் கயிற்றோடு மெஷின் பறந்து தொலைந்த கதைகள் நிறைய.

அரிப்பு மட்டும் என்றால் மோல்டைக் கழுவி உலர்த்துங்கள், ராத்திரி காதைச் சும்மா விடுங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மோல்டு செய்த பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வேறு பொருளில் செய்வார்கள். நீர் கசிந்தால் மருத்துவர்.

## 11. வருஷக்கணக்கில் நன்றாக இருந்தது, இப்போது போதவில்லை

முதலில் 2-ஆம் அறிகுறியை முழுக்க ஒரு தடவை செய்யுங்கள். பிறகு காதுப் பரிசோதனை. குறை இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை செய்வது நல்லது. கேட்கும் திறன் கொஞ்சம் இறங்கியிருந்தால் பழைய மெஷினிலேயே கூட்டி அமைக்க இடம் இருக்கும். சார்ஜ் வகையில் மாலைக்குள் அணைந்துவிடுகிறது என்றால் உள்ளிருக்கும் பேட்டரி வயதாகிவிட்டது, நாலைந்து வருஷத்தில் இப்படி ஆகும். மெஷினும் ஐந்தாறு வருஷத்தைத் தாண்டி, அமைக்க இடமும் இல்லை என்றால்தான் புதிது.

## 12. மெஷின் டிராயரில் இருக்கிறது

போட மறுப்பவரிடம் "ஏன் போடறதில்லை?" என்று கேட்காதீர்கள். "எப்பக் கழட்டினீங்கம்மா? அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மேலே சொன்ன பதினொன்றில் ஒன்று பதிலாக வரும். என் அம்மாவும் இரண்டாம் வருஷம் நான்கு மாதம் போடாமல் இருந்தார். கௌரவம் பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். உட்கார்ந்து கேட்டபோது, "வலது பக்கம் உள்ளே குத்துதுடா, நீ செலவு பண்ணி வாங்கினதுன்னு சொல்லாம இருந்தேன்" என்றார். மோல்டைத் தேய்த்துக் கொடுக்க அவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய அளவிலிருந்து தொடங்க வேண்டாம். டிராயரிலேயே பேட்டரி இருந்திருந்தால் கசிந்திருக்கிறதா பாருங்கள். வடிகட்டி, டோம், டியூப் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். காதில் குரும்பி பார்த்து, பரிசோதனை செய்து, மெஷினை அதற்கேற்ப அமைத்து வாங்குங்கள். அப்புறம் 5-ஆம் அறிகுறியில் சொன்ன முதல் வாரக் கணக்கிலிருந்து, வீட்டில், மூன்று மணி நேரம். மெஷின் ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை இப்போதைய மெஷின்கள் தாங்களே பதிந்து வைக்கும். ஒரு மாதம் கழித்துப் போகும்போது அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் கழற்றுகிறார் என்று கேட்டு, அங்கிருந்து மறுபடி தேடுங்கள்.